ஊவாத் தோட்டங்களின் சிறாரும் போர் மனவடுவும்: சிகிச்சையின் முன்நிபந்தனைகள் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையில் போரினால் உளப் பாதிப்புற்ற சிறார்களையும் வளரிளம் பருவத்தினரையும் பற்றிய ஆய்வுகள் கடந்த சில தசாப்தங்களிற் கணிசமான அளவு வெளிவந்துள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை வடக்கையும் கிழக்கையும் களமாகக் கொண்டவை. குண்டுவீச்சும் எறிகணைத் தாக்குதலும் கட்டாய ஆட்சேர்ப்பும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த இடப்பெயர்வும் அப்பிரதேசங்களையே பெரிதும் பாதித்தமையால் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆயினும் இதன் உடன்விளைவாக, போரின் உளத்தாக்கம் போர்முனையோடு முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பதுளை மாவட்டத்தையும் ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களையும் போர் தீண்டாத பிரதேசம் என்றே பலர் கருதுகின்றனர்.

இக்கருத்தை மீள்பரிசீலனைக்கு உட்படுத்துவதும், போர் மனவடுவுக்கு ஆளான சிறாருக்குரிய சிகிச்சை எவ்வகை அடித்தளத்தின்மீது அமையவேண்டும் என்பதை ஊவாவின் அனுபவத்தைக் கொண்டு விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். சிகிச்சை என்பது மருத்துவர் அல்லது உளவளத்துணையாளர் ஒருவரின் அறைக்குள் மட்டும் நிகழும் செயலன்று. பிள்ளைக்குப் பாதுகாப்பு உறுதிப்படாத சூழலில் எந்தச் சிகிச்சை முறையும் நிலைத்த பயனைத் தரமாட்டாது. இவ்வுண்மையை நூல்களிலிருந்து மட்டுமன்றி, பண்டாரவளைக்கு அண்மையில் 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கொடுமையிலிருந்தும் நாம் அறிந்துகொள்ள வேண்டியவர்களாக உள்ளோம்.

1. மனவடு என்னும் கருத்து

உடலிற் காயம் ஆறிய பின்னரும் தழும்பு எஞ்சுவதுபோல, தாங்கொணா அச்சத்தையும் இழப்பையும் ஏற்படுத்திய நிகழ்வு உள்ளத்தில் விட்டுச்செல்லும் தடத்தை மனவடு என்கிறோம். போர்வீரர்களிடம் காணப்பட்ட இந்நிலைக்கு முதலாம் உலகப் போர்க்காலம் முதலே பல பெயர்கள் வழங்கின. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப்பாகுபாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் இதனைத் தனியொரு நோயாக ஏற்றுக்கொண்டது. தமிழில் இது நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் என வழங்கப்படுகிறது. நிகழ்வு மீண்டும் மீண்டும் நினைவிலும் கனவிலும் தோன்றுதல், அதனை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல், எந்நேரமும் விழிப்பும் பதற்றமும் கொண்டிருத்தல் என்பன இதன் பிரதான குணங்குறிகளாகும்.

சிறாரிடம் இக்குணங்குறிகள் வயதுக்கேற்ப வேறுபடுகின்றன. மிக இளம் பிள்ளைகள் தாயைவிட்டு அகல மறுப்பர். கைவிட்டிருந்த பழக்கங்களான படுக்கையில் சிறுநீர் கழித்தல், விரல் சூப்புதல் என்பன மீண்டும் தோன்றும். பாடசாலைப் பருவத்தினர் கண்ட காட்சியைத் தம்மையறியாமலே விளையாட்டில் திரும்பத் திரும்ப நடிப்பர். காரணம் புலப்படாத தலையிடி, வயிற்றுநோவு பற்றி முறையிடுவர். பாடத்தில் மனம் ஊன்றமாட்டார்கள். வளரிளம் பருவத்தினரிடம் சினம், பழியுணர்ச்சி, குற்றவுணர்வு, எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மை ஆகியன மேலோங்கும். இவர்களுட் பலர் ஆசிரியராற் "குழப்படிக்காரர்" என்றும் "மந்தபுத்தியினர்" என்றும் முத்திரை குத்தப்படுவது நாம் அன்றாடம் காண்பதொன்றே.

சிறாரின் மனவடுவை விளங்கிக்கொள்வதில் அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் ஆற்றிய பணி ஈண்டு குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் ஹம்ஸ்டெட் பகுதியில் இவர்கள் சிறார் காப்பகங்களை நடத்தினர். அங்கு பெற்ற அவதானங்களை 1943இல் நூலாக வெளியிட்டனர். குண்டுவீச்சைக் காட்டிலும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டமையே பல பிள்ளைகளை ஆழமாகத் தாக்கியது என்பதும், அருகிலுள்ள தாய் அமைதியாக இருந்தாற் பிள்ளையும் பெருமளவு அமைதி கொண்டது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகளாகும். பிள்ளையின் உள்ளம் தனித்து நிற்பதன்று. அதனைச் சூழ்ந்துள்ள உறவுகளின் உறுதியிலேயே அதன் உறுதியும் தங்கியுள்ளது. யாழ்ப்பாணத்திற் பல்லாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனித மனவடுவுக்கு அப்பால் குடும்பமும் சமுதாயமும் அடையும் கூட்டு மனவடுவை வற்புறுத்தி வந்துள்ளமையும் இந்நோக்கோடு இயைந்ததே.

2. ஊவாத் தோட்டங்களின் வன்செயல் அனுபவம்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழராவர். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை, அல்துமுல்லை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தொழிலாளர் குடும்பங்களே இவர்களுட் பெரும்பான்மையினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இவர்களது விருப்பறியாமலே இவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்து இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. ஒரே லயத்தில் வளர்ந்த சிறார் பலர் உறவினரையும் தோழரையும் இழந்தனர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை சட்டரீதியாக முடிவுக்கு வந்தது.

இந்நிலையிலேயே வன்செயல்களும் நிகழ்ந்தன. 1977 ஆகஸ்ட் மாத வன்செயலில் மலையகத் தோட்டங்கள் பல தாக்கப்பட்டன. தோட்டக் குடும்பங்கள் பல வவுனியா முதலிய பகுதிகளுக்குப் பெயர்ந்து சென்றன. அங்கு குடியேறியோரின் பிள்ளைகள் பின்னர் போரின் நடுவிலேயே வளர நேர்ந்தது வரலாற்றின் கொடிய முரணாகும். 1983 யூலையிற் பதுளை நகரும் எரிந்தது. தொடர்ந்த ஆண்டுகளில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சந்தேகத்தின்பேரிற் கைதாகித் தடுத்துவைக்கப்பட்டவர்களுள் தோட்ட இளைஞரும் இருந்தனர். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமை தோட்ட மக்களிடையே பரவலாக இருந்தமையால், சோதனைச் சாவடி ஒவ்வொன்றும் அவர்களுக்கு அச்சத்தின் களமாயிற்று.

ஊவாவின் துயரம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1987 முதல் 1990 வரையான கிளர்ச்சியிலும் அதன் அடக்குமுறையிலும் மாகாணத்தின் சிங்களக் கிராமங்களிலிருந்து இளைஞர் பலர் கொல்லப்பட்டனர், பலர் காணாமலாக்கப்பட்டனர். 1994இல் அமைக்கப்பட்ட மூன்று காணாமற்போனோர் ஆணைக்குழுக்களுள் ஒன்று, மத்திய, வடமேல், வடமத்திய மாகாணங்களோடு ஊவாவையும் தன் விசாரணைப் பரப்பிற் கொண்டிருந்தது. தந்தையை இழந்த கிராமத்துப் பிள்ளையும் எரியூட்டப்பட்ட லயத்துப் பிள்ளையும் ஒரே மலைச்சரிவின் இரு பக்கங்களில், ஒருவர் துயரை மற்றவர் அறியாமலே வளர்ந்தனர். இவ்வறியாமையே பின்னர் இனவெறியைத் தூண்டுவோருக்கு வாய்ப்பாயிற்று எனலாம்.

3. பிந்துனுவெவ உணர்த்துவது

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவவில் அரசின் பொறுப்பில் ஒரு புனர்வாழ்வு நிலையம் இயங்கியது. விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்தோரும் அவ்வியக்கத்தோடு தொடர்புடையோர் எனச் சந்தேகிக்கப்பட்டோருமான தமிழ் இளைஞர் 41 பேர் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் வளரிளம் பருவத்தினரும் அடங்குவர். போரில் ஈடுபடுத்தப்பட்ட இளையோரைத் தொழிற்பயிற்சியாலும் கல்வியாலும் சமுதாய வாழ்வுக்கு மீட்பதே அந்நிலையத்தின் குறிக்கோளாகக் கூறப்பட்டது.

2000 ஒக்டோபர் 24ஆம் திகதி மாலை, நிலையத்தினருக்கும் அங்கிருந்த இளைஞருக்குமிடையே பிணக்கு ஏற்பட்டது. மறுநாட் காலை பெருங்கூட்டமொன்று நிலையத்தினுட் புகுந்து, கையிற் கிடைத்த ஆயுதங்களால் இளைஞரைத் தாக்கியது. ஏறத்தாழ 60 பொலிஸார் அவ்விடத்தில் நின்றிருந்தும் 27க்குக் குறையாத இளைஞர் கொல்லப்பட்டனர். செய்தி பரவியதும் மலையகத்தின் பல நகரங்களில் எதிர்ப்பும் கலவரமும் மூண்டன. 2001இற் சனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2003 யூலையில் விசேட நீதிமன்றம் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. மேன்முறையீட்டின் பின், 2005 மே மாதத்தோடு அவர்கள் அனைவரும் விடுவிக்கப்பட்டிருந்தனர். இத்தனை உயிர்களின் இழப்புக்கு எவரும் தண்டனை அனுபவிக்கும் நிலை எஞ்சவில்லை.

இந்நிகழ்வை மனித உரிமை மீறல் என்ற கோணத்திற் பலர் ஆராய்ந்துள்ளனர். உளச்சிகிச்சை என்ற கோணத்திலும் இது நுணுகி நோக்கப்பட வேண்டியதாகும். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயுதப் போரினாற் பாதிப்புற்ற சிறாரின் உடல், உள மீட்சிக்கும் சமுதாய மீளிணைவுக்கும் அரசு ஆவன செய்யவேண்டும் எனவும், அம்மீட்சி பிள்ளையின் உடல்நலத்தையும் சுயமரியாதையையும் கண்ணியத்தையும் பேணும் சூழலில் நிகழவேண்டும் எனவும் அதன் 39ஆம் உறுப்புரை விதிக்கின்றது. சூழல் என்ற இச்சொல்லே இங்கு முதன்மையானது. பிந்துனுவெவவில் புனர்வாழ்வு என்ற பெயர் இருந்தது. ஏற்பாடுகளும் ஓரளவு இருந்தன. உயிர்ப்பாதுகாப்பும் அயலாரின் இணக்கமும் இருக்கவில்லை.

இதன் உளவியல் விளைவு கொல்லப்பட்டோரோடும் உயிர்தப்பியோரோடும் நின்றுவிடவில்லை. ஆயுதத்தைக் கைவிட்டு அரசின் பொறுப்பில் வந்த இளைஞருக்கே இக்கதி நேருமாயின், தம் பிள்ளைக்கு யார் காவல் என்ற கேள்வி ஊவாவின் தோட்டக் குடும்பங்களில் எழுந்திருக்குமென்பதை ஊகித்தறிதல் கடினமன்று. கொடுமைக்குப் பொறுப்புக்கூறல் நிகழாதபோது, "உலகம் நீதியானது, பெரியோர் என்னைக் காப்பர்" என்ற, பிள்ளையின் வளர்ச்சிக்கு இன்றியமையாத அடிப்படை நம்பிக்கை சிதைகின்றது. அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், மனவடுவிலிருந்து மீள்வதை மூன்று படிகளாக வகுத்தார்: பாதுகாப்பை நிலைநாட்டல், நிகழ்ந்ததை நினைவுகூர்ந்து துக்கித்தல், சமுதாயத்தோடு மீள இணைதல். முதற்படி தகர்ந்தவிடத்து அடுத்த இரண்டும் தொங்குநிலையிலேயே இருக்கும். நீதி வழங்கலைச் சட்டத்துறையின் அலுவல் என ஒதுக்கிவிட உளவியலாளருக்கு இயலாதிருப்பது இதனாலேயாம்.

4. சிகிச்சை முறைகளும் அவற்றின் எல்லைகளும்

இனி, சிறாருக்கான சிகிச்சை முறைகள் நம் நாட்டிற் கையாளப்பட்டபோது கிடைத்த பட்டறிவை நோக்குவோம். ஜேர்மனிய உளவியலாளர் குழுவொன்று உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளருடன் இணைந்து வடகிழக்கில் 420 பாடசாலைச் சிறாரிடையே நடத்திய ஆய்வில், 92 சதவீதத்தினர் கடும் மனவடுவை ஏற்படுத்தவல்ல அனுபவங்களுக்கு உட்பட்டிருந்தமையும், 25 சதவீதத்தினர் நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கு ஆளாகியிருந்தமையும் தெரியவந்தன. கொடுமைக்குட்பட்ட அனைவரும் நோயாளராவதில்லை என்பதையும் இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இக்குழு கையாண்ட முறை எடுத்துரைத்தற் சிகிச்சை எனப்படும். பிள்ளை தன் வாழ்க்கையை ஒரு கயிறாக நிலத்தில் விரிக்கிறது. மகிழ்ச்சியான நிகழ்வுக்கு ஒரு மலரையும் துயர நிகழ்வுக்கு ஒரு கல்லையும் உரிய இடத்தில் வைக்கிறது. பின்னர் சிகிச்சையாளரின் துணையோடு ஒவ்வொரு கல்லின் கதையையும் முறையாகச் சொல்கிறது. சிதறிய அச்ச நினைவுகள் காலமும் இடமும் கொண்ட ஒரு வரலாறாக ஒழுங்குபெறுகையில் அவற்றின் கொடுமை தணிகிறது. ஆழிப்பேரலையின் பின் 31 சிறாரிடையே, ஆறு அமர்வுகளாக இம்முறையும் தியானமும் தளர்வுப் பயிற்சியும் இணைந்த முறையும் ஒப்பிடப்பட்டன. ஆறு மாதங்களின் பின் முன்னையதில் 81 சதவீதத்தினரும் பின்னையதில் 71 சதவீதத்தினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். இவ்வேறுபாடு புள்ளிவிபரவியல் ரீதியில் முக்கியமானதன்று. நம் பண்பாட்டுக்கு அணுக்கமான எளிய முறைகளும் பயனளிக்கக்கூடும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க முடிவு.

மறுபுறம், யாழ்ப்பாண மாவட்டப் பாடசாலைகளில் 399 சிறாரிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வு ஒரு எச்சரிக்கையைத் தருகின்றது. அறிகை நடத்தைச் சிகிச்சையையும் ஆக்கச் செயற்பாடுகளையும் இணைத்த 15 அமர்வுகள் வகுப்பறையில் நடத்தப்பட்டன. நடத்தைப் பிரச்சினைகள் சிலரிடம் குறைந்தன; இளைய பிள்ளைகளிடம் பிறருக்கு உதவும் இயல்பு வளர்ந்தது. ஆனால் மனவடு நோயின் குணங்குறிகளில் அனைவருக்கும் பொதுவான முன்னேற்றம் காணப்படவில்லை. அமர்வுகளிற் பங்குபற்றிய சிறுமியர், பங்குபற்றாத சிறுமியரைவிடக் குறைவாகவே தேறினர். போரின் நெருக்கடிகள் அன்றாடம் தொடர்ந்தவிடத்துப் பயனும் குன்றியது. நல்லெண்ணம் மட்டும் சிகிச்சையாகிவிடாது என்பதும், ஒரு முறை எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் இதனாற் பெறப்படும்.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வேறொரு வழியைக் காட்டியது. தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கு ஒருங்கே கூடிக் களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் ஈடுபட்டனர். நோய்ப்பெயர் எதுவும் சூட்டப்படாமல், பகைமை பாராட்டிய இரு சமூகங்களின் பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதே அங்கு மருந்தாயிற்று.

5. தோட்டச் சூழலுக்கு ஏற்றதொரு ஏற்பாடு

மேற்கூறியவற்றை ஊவாத் தோட்டங்களுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. இன்று அங்குள்ள பாடசாலைச் சிறார் பெரும்பாலும் 2009இற் போர் முடிந்த பின்னர் பிறந்தவர்கள். 1983ஐக் கண்ட பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டியர். பிந்துனுவெவச் செய்தியைக் கேட்டு அஞ்சிய பிள்ளைகள் இன்று பெற்றோர். ஆகவே அங்கு மனவடு பெரிதும் மௌனத்தின் வழியாகவும், அயலார் மீதான அவநம்பிக்கை வழியாகவும், சிறு சலசலப்புக்கும் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் அச்சத்தின் வழியாகவும் கடத்தப்படக்கூடியது. இதனோடு குறைந்த கூலி, லயக் காம்பராவின் நெருக்கம், மது, தாய் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதனால் ஏற்படும் பிரிவு என்பன சேர்கின்றன. இலங்கை இளையோரிடையே 2010இல் வெளியான ஆய்வொன்று, போரும் ஆழிப்பேரலையும் தந்த பாதிப்போடு அன்றாட வாழ்வின் நெருக்கடிகளும் தனித்த பாதிப்பை ஏற்படுத்துவதை எடுத்துக்காட்டியது. வறுமையை நோயென்று பெயரிட்டு மாத்திரை கொடுப்பது அறிவுடைமையாகாது. வறுமையைத் தீர்த்தால் உள்ளம் தானே ஆறிவிடும் என்று கைகட்டி இருப்பதும் பொருந்தாது.

அனர்த்த நிலைகளில் உளசமூக உதவி பற்றி 2007இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, உதவியை நான்கு அடுக்குகள் கொண்ட கூம்பாகக் காண்கிறது. அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அடுத்தது குடும்பமும் சமுதாயமும் அளிக்கும் ஆதரவு. மூன்றாவது பயிற்றப்பட்ட ஆசிரியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோரின் குறிப்பான உதவி. உச்சியிலே உளமருத்துவரின் சிறப்புச் சிகிச்சை. இவ்வமைப்பைத் தோட்டத்திற்குப் பின்வருமாறு பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவதாக, பிள்ளைக் காம்பராவைப் பராமரிக்கும் பெண் தோட்டத்தின் மிக இளைய பிள்ளைகளை நாள்தோறும் காண்பவர். பிள்ளையின் இயல்பு மாறுவதை முதலில் உணரக்கூடியவரும் அவரே. அவருக்கு அடிப்படைப் பயிற்சி அளிப்பது பெருஞ்செலவின்றி நிறைவேற்றத்தக்கது.

இரண்டாவதாக, தோட்டப் பாடசாலை ஆசிரியருட் பலர் அச்சமூகத்திலிருந்தே தோன்றியவர்கள். பாடசாலைக்கு ஒரு உளவளத்துணை ஆசிரியரேனும் தமிழிற் பயிற்சி பெற்று, பாடவேலைச் சுமை குறைக்கப்பட்டு, இரகசியம் பேணும் இடவசதியோடு பணியாற்ற வழிசெய்யப்பட வேண்டும்.

மூன்றாவதாக, சிகிச்சை தாய்மொழியில் அமைதல் வேண்டும். அச்சத்தையும் அவமானத்தையும் பிள்ளை தன் வீட்டுப் பேச்சிலேயே சொல்லும். மொழிபெயர்ப்பாளர் நடுவே நிற்க, அதிலும் அவர் ஒரு அதிகாரியாக இருப்பின், பிள்ளை வாய் திறவாது.

நான்காவதாக, மக்களின் கலை வடிவங்கள் கவனத்திற்குரியவை. மாசி, பங்குனி மாதங்களில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து, மன்மதன் எரிந்து மீள எழும் கதையை ஊரே கூடி நிகழ்த்துவது. இழப்பைப் பொதுவெளியில் அழுது தீர்க்கும் ஒப்பாரி மரபும் இங்குண்டு. இவற்றைச் சிகிச்சைக் கருவிகளெனப் பெயர் மாற்றி மேடையேற்ற வேண்டியதில்லை. கூட்டுத் துக்கத்திற்கும் கூட்டு எழுச்சிக்கும் இடமளிக்கும் இவை அழியாதிருக்க உதவினாலே போதுமானது.

ஐந்தாவதாக, கடும் நோய்க்குறிகளும் தற்கொலை எண்ணமும் உள்ள பிள்ளைகளைத் தாமதமின்றி உளமருத்துவரிடம் அனுப்பும் முறையான ஏற்பாடு தேவை. பதுளை நகருக்கு ஒருநாட் பயணம் என்பது தோட்டத் தாய்க்கு ஒருநாட் கூலியின் இழப்பாகும். ஆகவே வைத்தியசேவை தோட்டத்தை நாடிச் செல்வதே முறை.

இத்தகைய ஏற்பாடு முன்கூட்டியே இருத்தல் வேண்டுமென்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவு உணர்த்தியது. லயங்கள் மண்ணுட் புதைந்தபோது பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தனர். வீடு இருந்த இடத்தையே காணாது நின்ற அப்பிள்ளைகளின் நிலை, போர் இல்லாதபோதும் தோட்டச் சிறாரின் பாதுகாப்பு எத்துணை மெலிதானது என்பதைக் காட்டியது. காற்றும் மழையும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. ஆபத்தான சரிவிலே குடியிருக்க வேண்டிய நிலையும் காரணமாகும்.

6. முடிவுரை

போர் மனவடுவுக்குள்ளான பிள்ளைக்குரிய சிகிச்சையிற் பேச்சும் விளையாட்டும் மருந்தும் தத்தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன. அவை அனைத்தும் பாதுகாப்பு என்ற ஒரே நிலத்தில் ஊன்றி நிற்பவை. தோட்டப் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பது காணியும் வீடும், அச்சமின்றி அயற்கிராமத்தினூடாகச் செல்லும் உரிமையும், தவறிழைத்தோர் தண்டிக்கப்படுவர் என்ற நம்பிக்கையுமாகும். இவற்றை வழங்கும் கடப்பாடு அரசுக்குரியது. அதனை வற்புறுத்தும் கடப்பாடு தொழிற்சங்கங்களுக்கும் ஆசிரியருக்கும் நம் போன்ற பல்கலைக்கழகத்தாருக்கும் உண்டு.

ஊவாவில் இன்னும் செய்யவேண்டிய ஆய்வுகள் பல. தோட்டக் குடும்பங்களின் வாய்மொழி வரலாறுகள் பதியப்பட வேண்டும். தமிழ், சிங்களச் சிறார் இருசாராரின் உளநலமும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும். பதுளையில் 2005 முதல் இயங்கிவரும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களும் உளவியல், கல்வியியல் துறைகளும் இதில் ஒன்றிணையலாம். 1983ஐக் கண்டோர் நம்மிடையே வாழும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்பட வேண்டும். அவர்களது மௌனம் கலையாமல் மறையுமாயின், அவர்தம் பேரப்பிள்ளைகள் காரணம் தெரியாத அச்சத்தை மட்டுமே முதுசொமாகப் பெறுவர்.